பன்னிரண்டு அடிக் கொம்பு

'ஹார்ன்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் உங்கள் நினைவுக்கு வருவது யாது? தாம்பரத்திலிருந்து முடிச்சூர் செல்லும் சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு நான் விடை சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் ஒன்றையொன்று அதட்டும் ஓசைக்கே நாம் ஹார்ன் என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்த ஹார்னைப் பற்றி அன்று. ஆயினும் இரண்டுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 'இதோ வருகிறேன்' என்று தொலைவில் இருப்போருக்கு அறிவிப்பதற்காகவே பண்டை மனிதன் இறந்த விலங்கின் கொம்பை எடுத்து, அதன் நுனியைச் சீவி, உதட்டில் வைத்து ஊதினான். அந்தக் கொம்பின் வழிவந்த ஒரு கருவிதான் பிரெஞ்சு ஹார்ன்.

நான் சங்கீத வித்துவான் அல்லன். முடிச்சூரில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற பௌதிக ஆசிரியன். எனக்கும் இந்தக் கருவிக்கும் தொடர்பு ஏற்பட்டது என் பெரியப்பாவால். அவர் இராணுவத்தில் பாண்டு வாத்தியக்காரராக இருந்தவர். மத்தியப் பிரதேசத்தில் உள்ள பச்மடியில், 1950இல் தொடங்கப்பெற்ற இராணுவ இசைப் பள்ளியில் பயிற்சி பெற்றவர். போர்க்காலத்தில் பாண்டு வாத்தியக்காரர்கள் வாத்தியத்தை வைத்துவிட்டு, காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் பணியை மேற்கொள்வது வழக்கம். "ஊதுகிற மூச்சும் தூக்குகிற மூச்சும் ஒன்றுதானடா" என்று அவர் என்னிடம் சொல்வதுண்டு. பணியிலிருந்து விலகிய பின் பழைய ஹார்ன் ஒன்றை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் மொட்டை மாடியில் ஊதுவார். அவர் காலமானபோது அது என்னிடம் வந்தது. 2015ஆம் ஆண்டில் அதற்கு நேர்ந்த கதியைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அதன் குலத்தைச் சற்று ஆராய்வோம்.

உதட்டின் அதிர்வால் ஒலிக்கும் கருவிகள் தமிழருக்குப் புதியவை அல்ல. சங்கு அத்தகையதே. கோடு என்றும் வயிர் என்றும் சங்க நூல்கள் கூறும் ஊதுகொம்புகளும் அத்தகையவே. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர்கள் மூட்டை கட்டித் தூக்கிச் சென்ற வாத்தியங்களைக் கூறுமிடத்தில், மயிற்பீலி அணிந்த கோட்டையும், யானையின் பெருமூச்சைப் போல ஒலிக்கும் தூம்பையும் சேர்த்துக் குறிப்பிடுகிறது. விலங்கின் கொம்புக்கும் வாத்தியத்துக்கும் ஒரே சொல் வழங்குவது தமிழில் மட்டும் அன்று, ஆங்கிலத்திலும் அப்படியே. இரு மொழியினரும் ஒருவரை ஒருவர் கேளாமலே அவ்வாறு பெயரிட்டனர் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பின்னர் விலங்கின் கொம்பு உலோகக் கொம்பாயிற்று. வளைந்தது கொம்பு, நேராக நீண்டது எக்காளம், இரட்டைக் குழல்களாக அமைந்து ஒருவரே இரண்டையும் ஒருசேர ஊதுவது திருச்சின்னம். இந்தத் திருச்சின்னத்தைச் சிறப்பித்து வேதாந்த தேசிகர் 'திருச்சின்னமாலை' என்று ஒரு பிரபந்தமே பாடியிருக்கிறார். கேரளத்துப் பஞ்சவாத்தியத்தில் கொம்பு ஊதுவோர் வரிசையாக நின்று, வில் போல் வளைந்த கொம்புகளைத் தலைக்கு மேல் உயர்த்தி ஊதும் காட்சியைப் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். நம் ஊர்த் திருவிழாக்களிலும் கொம்பு உண்டு. ஆனால் முன்போல் இல்லை. பார்க்க விரும்புவோர் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அங்குள்ள இசைக்கருவிகளுக்குப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி தனியே ஒரு பட்டியல் நூல் எழுதியிருக்கிறார்.

இந்தக் கொம்பு ஏன் ராகம் பாடுவதில்லை? ஊதுவோருக்கு ஞானம் போதாமையால் அன்று. காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. அதுவே என் பேச்சின் மையம்.

ஒரு குழாயின் முனையில் உதடுகளைச் சேர்த்து வைத்து, அவை துடிக்குமாறு காற்றைச் செலுத்தினால், உள்ளிருக்கும் காற்று எந்தச் சுரத்துக்கு வேண்டுமானாலும் இசைந்து கொடுக்காது. குழாயின் நீளம் ஓர் அடிப்படைச் சுரத்தை நிர்ணயம் செய்கிறது. அதன் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று முழு எண்களின் வரிசையில் அமையும் சுரங்களே எளிதில் எழும். அடிப்படையை மந்தர ஷட்ஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அதற்கு மேல் ஷட்ஜம். மூன்றாவது பஞ்சமம். நான்காவது மீண்டும் ஷட்ஜம். ஐந்தாவது அந்தர காந்தாரம். தம்பூராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டும்போது, யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானே தோன்றுவதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? அது இந்த ஐந்தாம் சுரமே. ஆறாவது பஞ்சமம். ஏழாவது கைசிகி நிஷாதத்தை ஒத்தது. ஆனால் சற்றுத் தாழ்ந்தது. எட்டாவது மறுபடியும் ஷட்ஜம்.

கீழ்ப்பகுதியில் இச்சுரங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கின்றன. ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையே ஒன்றுமில்லை. குட்டையான கொம்பில் உதடு எளிதில் எட்டுவது இந்தக் கீழ்ப்பகுதி மட்டுமே. ஆகவே நம் கொம்பு ச, ப, ச என்று இரண்டு மூன்று சுரங்களை வைத்துக்கொண்டு தாளத்தைப் பேசுகிறது. ராகத்தை நாகசுரத்துக்கு விட்டுவிடுகிறது. இதைக் குறை என்று நான் கொள்ளவில்லை. பஞ்சவாத்தியம் கேட்டவர் எவரும் கொள்ளமாட்டார்.

ஆனால் எட்டாம் சுரத்துக்கு மேலே போய்ப் பாருங்கள். ஒன்பதாவது சதுச்ருதி ரிஷபம். பத்தாவது அந்தர காந்தாரம். பதினொன்றாவது சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு திரிசங்கு. பன்னிரண்டு பஞ்சமம்; பதின்மூன்று இரண்டு தைவதங்களுக்கும் இடைப்பட்டது; பதினைந்து காகலி நிஷாதம்; பதினாறு ஷட்ஜம். அடுத்தடுத்துச் சுரங்கள் வந்துவிட்டன! ஒரு மெட்டையே ஊதலாம். அந்த உயரத்தில் உதடு தாங்கி நிற்க வேண்டுமானால் அடிப்படைச் சுரம் வெகு தாழ்ந்ததாக இருக்க வேண்டும். அதற்குக் குழாய் வெகு நீளமாக இருக்க வேண்டும். பிரெஞ்சு ஹார்னின் குழாய் பன்னிரண்டு அடி, அதாவது ஏறத்தாழ 3.7 மீட்டர். அதன் அடிப்படை அதிர்வெண் வினாடிக்குச் சுமார் 44. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அதனினும் இது குறைவு. கலியாண ஊர்வலத்தில் வரும் டிரம்பெட்டின் குழாய் நாலரை அடிதான் என்பதை ஒப்பு நோக்குங்கள்.

பன்னிரண்டு அடிக் குழாயை நேராக நீட்டிக் கையில் ஏந்த இயலுமா? ஆகவே வட்டமாகச் சுருட்டினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து வேட்டைக்காரர்கள் அந்த வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு குதிரை மீதேறிக் காட்டில் ஊதினர். பொஹீமியா நாட்டுப் பிரபு ஸ்போர்க் என்பவர், 1680ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் அதைக் கேட்டு மயங்கி, தம் பணியாட்கள் இருவரைப் பயிலச் செய்து தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு அக்கருவியை வளர்த்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியரும் பொஹீமியரும் ஆஸ்திரியரும்தாம். 'பிரெஞ்சு' என்னும் அடைமொழி ஆங்கிலேயர் கொடுத்தது. 1971இல் சர்வதேச ஹார்ன் சங்கம், வெறுமனே 'ஹார்ன்' என்று வழங்குமாறு பரிந்துரைத்தது. பெயர் மட்டும் போகவில்லை.

வேட்டைக் கருவி சங்கீத மண்டபத்துக்குள் வந்ததும் ஒரு சங்கடம் எழுந்தது. ஒரு குழாய்க்கு ஒரு சுருதிதான். சுருதி மாறினால் குழாயின் நீளமும் மாற வேண்டும். எனவே வாத்தியக்காரர்கள் பல அளவுள்ள வளையங்களைப் பெட்டியில் சுமந்து சென்று, பாட்டுக்குப் பாட்டு ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகினர். சுமார் 1750இல் டிரெஸ்டன் நகரத்து ஹாம்பெல் என்பவர் வேறொரு வழியைக் கையாண்டார். நாகசுரத்தின் அணசு போல விரிந்திருக்கும் முனைக்குள் வலக்கையை நுழைத்து, சற்று மூடினால் சுரம் தாழ்கிறது. கையை மூடியும் திறந்தும், இயற்கைச் சுரங்களுக்கு இடையிலுள்ள சுரங்களை வரவழைத்தார்கள். மோட்சார்ட் தம் நண்பர் லாய்ட்கெபுக்காக ஹார்ன் கச்சேரிகள் எழுதியது இந்தக் கை முறைக்காகவே. கையெழுத்துப் பிரதியில் நண்பரைக் கேலி செய்து குறிப்புகளும் எழுதி வைத்தார்!

மூடிய சுரம் மங்கலாகவும் திறந்த சுரம் தெளிவாகவும் ஒலித்தன. இது அழகா, குறையா என்பதில் வெகுகாலம் கருத்து வேற்றுமை இருந்தது. ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் என்னும் இரு ஜெர்மானியர் வால்வைக் கண்டறிந்து 1818இல் காப்புரிமை பெற்றனர். ஒரு நெம்பை அழுத்தினால் காற்று கூடுதலான ஒரு சிறு வளையத்தின் வழியே சுற்றிச் செல்லும், குழாய் அந்த அளவு நீளும், சுரம் தாழும். வளையப் பெட்டிகளைச் சுமக்கும் தேவை ஒழிந்தது. ஆயினும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின், 1865இல், பிராம்ஸ் ஒரு ஹார்ன் மூவிசையை வால்வு இல்லாத பழைய ஹார்னுக்கென்றே எழுதினார். அவருடைய தந்தை ஹார்ன் வாசித்தவர். தாய் இறந்தது அதே ஆண்டில்தான். இளமையில் வீட்டில் கேட்ட ஒலியை அவர் மனம் நாடியிருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். என் பெரியப்பாவின் விடியற்கால ஊதலைக் கேட்டு வளர்ந்தவன் ஆதலால் அப்படித் தோன்றுகிறது போலும்.

வால்வுகள் மூன்று. இரண்டாவது வால்வு அரைச் சுரம் தாழ்த்தும். முதலாவது ஒரு முழுச் சுரம். மூன்றாவது ஒன்றரைச் சுரம். அரைச் சுரத்துக்குக் குழாயின் நீளம் நூற்றுக்கு ஆறு பங்கு அதிகமாக வேண்டும். ஆகவே இரண்டாம் வளையம் சுமார் 22 சென்டிமீட்டர், முதலாவது 45, மூன்றாவது 70. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, இதை வாசிப்பது எவ்வாறு? இடக்கை விரல்கள் வால்வுகளின் மேல் இருக்க வேண்டும், வலக்கை அணசினுள். வால்வு வந்த பிறகும் வலக்கை வெளியே வரவில்லை. ஒலியைக் கனியச் செய்வதும், சுருதியை மயிரிழை அளவு திருத்துவதும் அதன் வேலை. ஊதும் முனை புனல் போன்றது. அதில் மேலுதடு மூன்றில் இரண்டு பங்கும் கீழுதடு ஒரு பங்கும் படிய வேண்டும். உதட்டை அழுத்தக் கூடாது. அழுத்தினால் இரத்த ஓட்டம் குறைந்து, பத்து நிமிடத்தில் உதடு மரத்துவிடும். கன்னம் உப்பக் கூடாது. முதல் சில வாரங்களுக்கு ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மீண்டும் மெலித்து, மூச்சு உள்ளவரை நிறுத்திப் பழக வேண்டும். நம் பாடகர்கள் விடியலில் அகாரம் சாதகம் செய்வதைப் போன்றதே இது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. ஊதுவதற்கு முன் சுரம் காதில் இருக்க வேண்டும். பியானோவில் கட்டையை அழுத்தினால் அதற்குரிய சுரம்தான் வரும். அதற்குச் செவி தேவையில்லை. ஹார்னில் ஒரே விரல் நிலையில் பத்துப் பதினைந்து சுரங்கள் காத்திருக்கின்றன. மேலே போகப் போக அவை அண்டை வீட்டுக்காரர்களைப் போல நெருங்கி நிற்கின்றன. மனத்தில் காந்தாரத்தைக் கேளாமல் ஊதினால் ரிஷபம் வந்து நிற்கும். அல்லது இரண்டுக்கும் இடையே ஓசை உடைந்து பிளிறும். பேர்பெற்ற இசைக்குழுக்களிலும் ஹார்ன் வாசிப்பவர் சபையோர் முன்னிலையில் தவறுவதுண்டு. என் பெரியப்பா ஒவ்வொரு சுரத்தையும் முதலில் மெல்ல முனகுவார். பிறகுதான் வாத்தியத்தை எடுப்பார். "வாயால் வராதது இதில் வராது" என்பார். தாளக்கட்டு, வேகம் எல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சமே.

இங்கிலாந்தில் டென்னிஸ் பிரெயின் என்றொரு மேதை இருந்தார். அவருக்காக 1943இல் பெஞ்சமின் பிரிட்டன் எழுதிய ஒரு படைப்பின் தொடக்கமும் முடிவும் வால்வைத் தொடாமல், இயற்கைச் சுரங்களாலேயே ஊத வேண்டியவை. நாம் முன்பு கண்ட அந்தத் திரிசங்குச் சுரங்கள் அதில் வெளிப்படையாக ஒலிக்கும். கேட்டவர் சிலர் அபசுரம் என்று எண்ணினர். நுட்பமான சுருதி பேதங்களுக்குப் பழகிய நம் செவிக்கு அது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. பிரெயின் 1957இல் தம் முப்பத்தாறாம் வயதில் கார் விபத்தில் மறைந்தார். அவருடைய இசைத்தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. 2025 மார்ச் 8ஆம் நாள் லண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியதை அறிவீர்கள். அத்தகைய பேரிசைக் குழுவில் பொதுவாக நான்கு ஹார்ன்களேனும் இடம்பெறும். சிம்பொனி எதையேனும் கேட்க நேர்ந்தால், வயலின்களுக்கும் பித்தளை வாத்தியங்களுக்கும் நடுவே பாலம் போல நிற்கும் அந்த ஒலியைத் தேடிப் பாருங்கள்.

இப்போது பராமரிப்பு. இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் அன்று.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை இப்பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தது. எங்களைப் படகில் ஏற்றிச் சென்றார்கள். அவசரத்தில் நான் சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டேன். கட்டிலடியில் இருந்த ஹார்ன் நினைவுக்கு வரவே இல்லை. நான்காம் நாள் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே சேறு. மூன்று வால்வுகளும் இறுகிப்போயிருந்தன. பச்சைக் களிம்பு ஏறத் தொடங்கியிருந்தது.

நான் செய்த முதல் தவறு மறதி. இரண்டாவது தவறு அதைவிடக் கொடியது. ஒரு குறட்டை எடுத்து மூன்றாம் வளையத்தைப் பிடித்து இழுத்தேன். ஹார்னின் தகடு அரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். குழாய் நசுங்கிற்று, வளையம் அசையவில்லை. வீட்டில் உள்ளோர் புளி போட்டுத் தேய்க்கலாம் என்றனர். குத்துவிளக்குக்கு அது சரி. மேற்பூச்சுள்ள வாத்தியத்துக்குப் புளி ஆகாது; புளிப்பு, பூச்சை அரித்துவிடும். கொதிநீரும் ஆகாது.

பிறகு வட சென்னையில் பாண்டு வாத்தியங்களைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் பெட்டியைத் திறந்தார்; நசுங்கிய இடத்தை விரலால் தடவினார். "தண்ணி செஞ்சதை நான் சரி பண்ணிடுவேன், வாத்தியாரய்யா. குறடு செஞ்சதுக்குத்தான் வழி தெரியல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வால்வுகளில் எண்ணெய் ஊறவிட்டு, மரச் சுத்தியால் தட்டித் தட்டி, இரண்டு வாரத்தில் இரண்டு வால்வுகளை விடுவித்தார். அவரிடம் நின்று பார்த்துக் கற்றவற்றைச் சொல்கிறேன்.

ஊதும்போது குழாயில் சேர்வது எச்சில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அதுவன்று, மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த பித்தளையில் பட்டு நீராவதே. ஹார்னில் பல சுற்றுகள் இருப்பதால் அந்நீர் ஒளிந்துகொள்ளும். வாசித்து முடித்ததும் கருவியைச் சக்கரம் போல மெல்லச் சுழற்றி நீரை ஊதுமுனைப் பக்கம் கொண்டுவந்து கொட்ட வேண்டும். வளையங்களை உருவும்போது அதற்குரிய வால்வை அழுத்திக்கொண்டே உருவுக. இல்லையேல் உள்ளே வெற்றிடம் உண்டாகி இணைப்புகள் வருந்தும். வளையங்களுக்குக் கெட்டியான மசகும், சுழலும் வால்வின் அச்சுக்கு மெல்லிய எண்ணெயும் இட வேண்டும். இரண்டையும் மாற்றி இட்டால் இரண்டும் கெடும். ஊதுமுனையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவுக. அது சிக்கிக்கொண்டால் குறடு தொடாதீர்; அதற்கென்றே ஒரு கருவி உண்டு. இனிப்புத் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதாதீர். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால், துத்தநாகம் நீங்கிச் செம்பு மட்டும் எஞ்சுகிறது என்று அறிக. அதைத் தேய்த்துப் போக்க முடியாது. நம் ஊர் ஈரக்காற்றில் வாரம் ஒருமுறையேனும் வால்வுகளை அசைக்க வேண்டும். வாசிக்கப்படாத ஹார்ன் விரைவில் கெடுகிறது.

மூன்றாம் வால்வு இன்றுவரை அசையவில்லை. அதற்காக நான் ஊதுவதை நிறுத்தவில்லை. மூன்றாவது வளையம் 70 சென்டிமீட்டர் என்று சொன்னேன் அல்லவா? முதலாவதையும் இரண்டாவதையும் சேர்த்து அழுத்தினால் 45ம் 22ம் சேர்ந்து 67 ஆகிறது. மூன்று சென்டிமீட்டர் குறைகிறது. சுரம் ஓர் இழை உயர்ந்து ஒலிக்கிறது. அந்த உயர்வை அணசினுள் இருக்கும் வலக்கையைச் சற்று மூடித் தாழ்த்திக்கொள்கிறேன். ஹாம்பெல் கண்ட வழிதான். மேற்பகுதியில் எல்லாச் சுரங்களும் இவ்வாறு கிடைத்துவிடுகின்றன. கீழ்ப்பகுதியில், மூன்றாம் வால்வோடு சேர்ந்தே வரவேண்டிய சில சுரங்கள் மட்டும் பெரியப்பாவின் ஹார்னில் இப்போது இல்லை. அவை வரும் இடத்தில் நான் வாயை எடுத்துவிட்டு முனகிக்கொள்கிறேன்.